மஞ்சளின் நிறமும் குழந்தையின் மூளையும்: காரீய நச்சு, வளர்ச்சித் தாமதம், சாதி

நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தை அடுத்த நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று தரம் பிரித்துக் கட்டிய மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். வணிகர் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடியை எடுத்துப் பார்ப்பார். கிழங்கை ஒடித்து உள்நிறம் பார்ப்பார். தோலின் மினுமினுப்பைப் பார்ப்பார். அந்தப் பார்வையில்தான் குவிண்டாலுக்கு ஆயிரம் ரூபாய் கூடுவதும் குறைவதும் தீர்மானமாகிறது. மஞ்சளுக்கு நிறமே விலை.

நிறத்துக்கு விலை இருக்கும் இடத்தில் நிறத்தைப் போலியாகச் செய்யும் ஆசையும் இருக்கும். தெற்காசியச் சந்தைகளில் அந்த ஆசைக்குக் கிடைத்த மலிவான கருவி காரீயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறமி. தொழிற்சாலை வண்ணப்பூச்சுகளுக்காகச் செய்யப்படும் இந்தப் பொருள், உணவின் வழியே குழந்தையின் இரத்தத்துக்குள் சென்று மூளை வளர்ச்சியைக் கெடுப்பதைக் கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் நிறுவியுள்ளன. இக்கட்டுரை நாமகிரிப்பேட்டை மஞ்சளின் மீதான குற்றச்சாட்டு அன்று. மஞ்சளை நடுவோர், வெட்டுவோர், அவிப்போர், காயவைப்போர் வாழும் ஊரிலிருந்து தொடங்கி, கன உலோக நச்சு எங்கிருந்து வருகிறது, குழந்தைகளை என்ன செய்கிறது, அதன் சுமை யார்மீது விழுகிறது என்பதை விளக்கும் முயற்சி.

எது காரீயம்?

தமிழில் ஒரு சொற்குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், இரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்யப்படுவதும் வெள்ளீயத்தால். மலிவுக்காக அதனுடன் காரீயம் கலக்கப்பட்டால் அந்தப் பாத்திரமே நஞ்சாகும். எழுதுகோலின் உள்ளே இருக்கும் 'காரீயம்' என்று நாம் சொல்வது உண்மையில் கிராஃபைட். அதில் காரீயமே இல்லை. நாம் பேசப்போகும் காரீயம், லாரி பேட்டரிக்குள் தகடாக இருப்பது. கனமானது, மென்மையானது, எளிதில் உருகுவது. இந்த மூன்று பண்புகளாலேயே மனிதர் அதைப் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றனர்.

காரீயம், பாதரசம், காட்மியம் ஆகிய மூன்றும் கன உலோக நச்சுகளில் முதன்மையானவை. ஆர்செனிக் முழு உலோகம் அல்ல என்றாலும் பொதுவாக இவற்றோடே சேர்த்துப் பேசப்படுகிறது. இவற்றுள் பாதரசத்தின் கொடுமையை உலகுக்கு உணர்த்தியது 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்ட ஜப்பானின் மினமாட்டா நோய். நோயின் அறிகுறி பெரிதாக இல்லாத தாய்மாருக்கும் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. தமிழ்நாட்டில் கொடைக்கானலின் வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான். இடையில் 15 ஆண்டுகள். ஆயினும் எண்ணிக்கையில் மிக அதிகமான குழந்தைகளைத் தொடுவது காரீயமே. யூனிசெஃப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள்.

குழந்தையின் உடலில் நடப்பது

உடலுக்குக் காரீயத்தால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் உடல் அதைக் கால்சியம் என்று ஏமாந்து ஏற்றுக்கொள்கிறது. எலும்பு வளரவும் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறவும் கால்சியம் தேவை. அந்த இடங்களில் காரீயம் சென்று அமர்கிறது. வாழ்வின் முதல் சில ஆண்டுகளில் மூளையில் நரம்பிணைப்புகள் மிக வேகமாக உருவாகின்றன. தேவையானவை உறுதிப்பட்டு, தேவையற்றவை களையப்படுகின்றன. காரீயம் குழப்புவது இந்த வேலையைத்தான்.

ஒரே அளவு காரீயத்தை விழுங்கினாலும் குழந்தையின் குடல் பெரியவரின் குடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தரையில் தவழ்வதும் கையை வாயில் வைப்பதும் குழந்தையின் இயல்பு. ஆகவே தூசியும் மண்ணும் எளிதில் உள்ளே செல்கின்றன. வயிறு காலியாக இருந்தாலோ, இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தாலோ உறிஞ்சும் அளவு மேலும் கூடுகிறது. குடலில் இரும்பை உள்ளே கொண்டுசெல்லும் அதே வாயில்தான் காரீயத்துக்கும் வழிவிடுகிறது. இரும்பு போதாத உடல் அந்த வாயிலை அகலத் திறந்து வைக்கிறது.

இரத்தத்தில் சில வாரங்களே தங்கும் காரீயம், எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். கருவுற்ற பெண்ணின் எலும்பிலிருந்து கால்சியம் கருவுக்குச் செல்லும்போது, அவர் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த காரீயமும் உடன் கரைந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. ஒரு தலைமுறை உண்ட நஞ்சு அடுத்த தலைமுறையின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் ஒப்பீட்டு அளவை 2021இல் 5இலிருந்து 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. இதற்கு அடித்தளமிட்ட ஆய்வுகளில் ஒன்று, புரூஸ் லான்ஃபியர் குழுவினர் 2005இல் 1,333 குழந்தைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துச் செய்தது. இரத்தக் காரீயம் 2.4இலிருந்து 10 ஆக உயர்ந்தபோது அறிவுத்திறன் மதிப்பெண் ஏறத்தாழ 3.9 புள்ளிகள் குறைந்தது. 10இலிருந்து 20 ஆக உயர்ந்தபோது மேலும் 1.9 புள்ளிகளே குறைந்தது. குறைந்த அளவிலேயே சேதம் செங்குத்தாகத் தொடங்குகிறது என்பதே இதன் பொருள். 'கொஞ்சம்தானே' என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை.

சிகிச்சையும் எல்லைக்குட்பட்டது. மிக அதிக அளவில், அதாவது 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளுக்கு உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து தரப்படுகிறது. அது உயிர் காக்கும். ஆனால் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான சோதனையில், அம்மருந்து இரத்தக் காரீயத்தைக் குறைத்ததே தவிர அறிவாற்றலை மீட்டுத் தரவில்லை. எனவே தடுப்பே முதன்மையான மருத்துவம்.

வளர்ச்சித் தாமதம் என்பது

குழந்தை இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறது, நான்கில் தலை நிற்கிறது, எட்டில் தானே உட்காருகிறது, பன்னிரண்டில் நிற்கிறது. திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய எளிய அளவீட்டு அட்டவணை இந்த மைல்கற்களை அடிப்படையாகக் கொண்டது. உடல் அசைவு, மொழி, கையாளும் திறன், பிறரோடு பழகுதல் ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ குழந்தை குறிப்பிடத்தக்க அளவு பின்தங்குவதே வளர்ச்சித் தாமதம். குறைப்பிரசவம், பிரசவ நேர மூச்சுத்திணறல், தைராய்டு குறைபாடு, மரபணுக் காரணங்கள், ஊட்டக்குறைவு, காது கேளாமை எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. காரீயம் அவற்றுள் ஒன்று. பிற காரணங்களோடு சேரும்போது சேதத்தைக் கூட்டும் ஒன்று.

காரீயத்தின் விளைவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஊனமாக வருவதில்லை. நடக்கும், பேசும், விளையாடும் குழந்தைதான். ஆனால் பாடத்தில் கவனம் நிற்காது. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுத நேரமாகும். சட்டென்று கோபம் வரும். சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அக்குழந்தைகளின் சராசரி இரத்தக் காரீயம் 11.4 மைக்ரோகிராம், அளவு கூடக்கூட, ஆசிரியர்கள் பதிவுசெய்த பதற்றம், பிறரோடு பழகுவதில் சிக்கல், கவனக்குறைவு ஆகியவற்றின் மதிப்பெண்களும் கூடின. தொடர்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வு, கண்ணும் கையும் இணைந்து செய்யும் வேலைகளில் ஏற்படும் குறைவை அளந்தது.

மஞ்சளுக்குள் வந்த வழி

மஞ்சள் செடி மண்ணிலிருந்து இழுக்கும் காரீயம் மிகக் குறைவு. சிக்கல் அறுவடைக்குப் பின்னர் தொடங்குகிறது. தோண்டி எடுத்த கிழங்கை அவித்து, களத்தில் காயவைத்து, பின் சுழலும் உருளையில் இட்டு மெருகேற்றுவார்கள். மேல்தோல் உரிந்து மஞ்சள் பளபளக்கும். மழையில் நனைந்து மங்கிய கிழங்குக்கும் பழைய சரக்குக்கும் நிறம் கூட்ட வேண்டுமென்றால், நிறமி சேர்க்கப்படும் இடமும் இந்த மெருகேற்றும் கட்டமே.

வங்கதேசத்தில் இது துப்பறியும் கதைபோல வெளிப்பட்டது. தொழிற்சாலைகளே இல்லாத கிராமங்களில் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் காரீயம் ஏன் இவ்வளவு என்ற கேள்வியோடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் டாக்காவின் ஐசிடிடிஆர்,பி ஆய்வு நிறுவனமும் தேடத் தொடங்கின. காரீயத்துக்கு ஓரிடத்துக்கு ஓரிடம் மாறும் அணுநிலைக் 'கைரேகை' உண்டு. பெண்களின் இரத்தத்தில் இருந்த கைரேகை, கலப்பட மஞ்சளின் கைரேகையோடு பொருந்தியது. 2019இல் வெளியான ஆய்வு, மஞ்சள் விளையும் 9 முக்கிய மாவட்டங்களுள் 7இல் காரீயக் குரோமேட் கலப்புக்குச் சான்று கண்டது. ஒரு கிராம் மஞ்சளில் 1,152 மைக்ரோகிராம் வரை காரீயம் இருந்தது. வழக்கம் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று வணிகர்களே கூறினர். அவர்கள் சொன்ன காரணம்: வாங்குவோர் பளிச்சென்ற மஞ்சளை விரும்புகிறார்கள்.

அடுத்து, 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் 356 மாதிரிகள் திரட்டப்பட்டன. 2024இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ 14 விழுக்காட்டு மாதிரிகளில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய நகரங்களில் 1,000 மைக்ரோகிராமைத் தாண்டிய மாதிரிகள் கிடைத்தன. இந்தியாவில் அனுமதி வரம்பான 10 மைக்ரோகிராமைத் தாண்டிய மாதிரிகள் கிடைத்த நகரங்களில் பாட்னா, குவாஹாட்டியோடு சென்னையும் ஒன்று. அளவு அதிகமான மாதிரிகளில் காரீயமும் குரோமியமும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தில் இருந்தன. காரீயக் குரோமேட்டின் வேதி அமைப்பும் அதுவே. தற்செயலான மாசு இப்படிக் கணக்காகக் கலக்காது.

ஒரு எளிய கணக்கு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு உணவின் வழியாக ஒரு நாளில் 2.2 மைக்ரோகிராம் காரீயத்தை எச்சரிக்கை அளவாகக் கொள்கிறது. கிராமுக்கு 1,000 மைக்ரோகிராம் காரீயம் கலந்த மஞ்சளில் அரை கிராம் குழந்தையின் சாப்பாட்டில் சேர்ந்தால், உள்ளே போவது 500. இந்தியச் சட்ட வரம்பான 10 மைக்ரோகிராமுக்குள் இருக்கும் மஞ்சளிலும் அரை கிராமில் 5 இருக்க முடியும். கலப்படத்தைப் பிடிப்பது ஒரு பணி. வரம்பையே மறுபரிசீலிக்கக் கோருவது இன்னொரு பணி.

மஞ்சளுக்கு அப்பால்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம் லாரிகளாலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளாலும் அறியப்பட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். பழைய பேட்டரிகளை அனுமதி பெற்ற நிறுவனங்கள் மூலமே மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. ஆனால் கோடாலியால் பேட்டரியைப் பிளந்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, திறந்த அடுப்பில் காரீயத்தை உருக்கும் முறைசாராத் தொழில் இந்தியாவெங்கும் நடக்கிறது. அந்த மண்ணில் விளையாடும் குழந்தைக்கும், அந்தச் சட்டையோடு வீடு திரும்பும் தந்தையின் மடியில் ஏறும் குழந்தைக்கும் தூசியே வழி.

வண்ணப்பூச்சிலும் இதே நிலை. வீடுகளுக்கும் அலங்காரத்துக்கும் பயன்படும் வண்ணப்பூச்சுகளில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான வண்ணங்கள் அந்த விதிக்குள் வரவில்லை. காரீயக் குரோமேட் சந்தையில் தொடர்ந்து கிடைப்பதற்கான வாசல் இந்த விலக்குதான்.

ஒரு வெற்றியையும் பதிவுசெய்ய வேண்டும். 2000ஆம் ஆண்டில் இந்தியா காரீயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது. நகரக் குழந்தைகளின் இரத்தக் காரீயத்தைக் குறைத்த தனிப்பெரும் நடவடிக்கை அது. அரசு ஒரு மூலத்தை அடைக்க முடிவெடுத்தால் அது நடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

சாதி எங்கே நுழைகிறது

காரீயத்துக்குச் சாதி தெரியாது. காரீயம் சென்று சேரும் வழிகளுக்குத் தெரியும். சாதி என்பது உழைப்பை மட்டுமல்லாமல் உழைப்பாளர்களையே படிநிலையில் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டார். அழுக்கும் ஆபத்தும் உள்ள வேலை யாருக்கு என்பதை அந்தப் படிநிலை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. கழிவு பொறுக்குதல், பழைய இரும்பு பிரித்தல், சாக்கடை தூய்மைப்பணி, தோல் பதனிடுதல் ஆகியவற்றில் தலித்துகள் குவிந்திருப்பது தற்செயல் அன்று. சேலம், நாமக்கல் உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களில் பெருந்தொகையாக வாழும் அருந்ததியர் சமூகத்தின் உழைப்பு வரலாறே இதற்குச் சாட்சி.

இரண்டாவது வழி, குடியிருப்பு. ஊரிலிருந்து சேரி பிரிக்கப்பட்ட இடம் பெரும்பாலும் தாழ்வான நிலம், சாக்கடை சேரும் இடம், குப்பைக் கிடங்கின் அருகு. புதிதாக மாசு வரும் தொழிலுக்கு மலிவான நிலம் தேடுவோர் வந்து நிற்பதும் அங்கேதான்.

மூன்றாவது வழி, உணவு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்தியாவில் 67 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருப்பதைக் காட்டியது. இரும்பு குறைந்த உடல் காரீயத்தை அதிகம் ஏற்கும் என்று பார்த்தோம். நிலமற்ற கூலிக் குடும்பத்தின் குழந்தை ஒரே மஞ்சளை உண்டாலும் அதிக நஞ்சை உள்வாங்குகிறது. அக்குடும்பம் வாங்குவதும் பெரும்பாலும் பொட்டலமாக மடித்துத் தரும் உதிரி மஞ்சள்தூள்.

இங்கே ஒரு முரண் உண்டு. மஞ்சளை வெட்டி, அவித்து, காயவைத்து, தரம் பிரிக்கும் கூலிப்பெண்ணின் கைகளில் சாயமே தேவைப்படாத மஞ்சள் இருக்கிறது. அவர் வேலை முடிந்து கடையில் வாங்குவது எத்தனையோ கை மாறிய தூள்.

'மக்கு' என்ற சொல்

ஒரு தலித் மாணவர் படிப்பில் பின்தங்கினால் வகுப்பறை அதற்கு வைத்திருக்கும் விளக்கம் பழையது: 'இவங்களுக்குப் படிப்பு வராது.' பிறப்பின் மீது பழிபோடும் அந்த விளக்கத்துக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. சூழல் மாசு பற்றிய ஆய்வுகள் கேள்வியின் திசையையே மாற்றுகின்றன: இந்தக் குழந்தையின் வீட்டைச் சுற்றி என்ன கொட்டப்பட்டது, தட்டில் என்ன கலக்கப்பட்டது, அதை யார் அனுமதித்தது?

ஆனால் இதைச் சொல்லும்போது நாம் விழிப்போடு இருக்க வேண்டும். 'காரீயத்தால் மூளை கெட்ட பிள்ளைகள்' என்பது இன்னொரு முத்திரையாக மாறிவிடக் கூடாது. நான்கு புள்ளிக் குறைவு என்பது பெரும் மக்கள்தொகையின் சராசரியில் தெரியும் நகர்வு. ஒரு தனிக் குழந்தையின் தலைவிதி அல்ல. நல்ல உணவும், பேச்சும் விளையாட்டும் நிறைந்த வீடும் அங்கன்வாடியும், பொறுமையான ஆசிரியரும் பெருமளவு ஈடுகட்ட முடியும். அதே வேளை, ஒரு சமூகத்தின் சராசரி நான்கு புள்ளி இறங்கினால், சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமாகக் கூடும். உச்சத்தில் இருப்போரின் எண்ணிக்கை சுருங்கும். போட்டித் தேர்வு நடக்கும் மண்டபத்தின் வாசலில் 'தகுதி' பற்றிப் பேசுவோர் இந்தக் கணக்கைக் கேட்பதே இல்லை.

அளக்காதது இல்லாததாகிறது

ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டம் 2013 முதல் பிறப்புக் குறைபாடு, ஊட்டக்குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பிறந்தது முதல் 18 வயது வரை கண்டறியும் நோக்கத்துடன் இயங்குகிறது. மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் அமைப்பது அதன் பகுதி. தாமதம் கண்டறியப்படலாம், காரணம் தேடும் பட்டியலில் இரத்தக் காரீயம் வழக்கமாக இடம்பெறுவதில்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வு இரண்டாம் சுற்று முதல் ஐந்தாம் சுற்று வரை விரல்நுனி இரத்தத்தில் இரத்தசோகையை அளந்து, சாதிவாரியாக வெளியிட்டது. அதே துளியில் காரீயத்தையும் அளக்க முடியும். புதிய யோசனையும் அன்று: 1998–99இல் நடந்த இரண்டாம் சுற்றில் மும்பையிலும் டெல்லியிலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தக் காரீயம் அளக்கப்பட்டது. பின்னர் அது தொடரவில்லை. நிதி ஆயோக்கும் நீரி நிறுவனமும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்து, 23 மாநிலங்களில் சராசரி அளவு 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருப்பதாகச் சொன்ன பின்னும் அளவீடு வழக்கமாகவில்லை.

சட்டத்தின் கைப்பிடிகள்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவு, எந்த நுகர்வோரும் தாம் வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்க உரிமை தருகிறது. விதிமீறல் உறுதியானால் கட்டணம் திருப்பித் தரப்பட வேண்டும். பாதுகாப்பற்ற உணவை விற்பதற்குச் சிறைத் தண்டனை வரை 59ஆம் பிரிவு வகுத்துள்ளது.

காரீய நஞ்சேற்றம், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலிடத்தில் வைக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இடம்பெற்றது. நோய் எப்போதோ அறியப்பட்டுவிட்டது. பதிவேடே இல்லாத பட்டறைத் தொழிலாளிக்குத்தான் அந்தப் பட்டியல் எட்டவில்லை.

பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, இச்சமூகத்தினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்துவதைக் குற்றமாக வரையறுக்கிறது. அவர்தம் இருப்பிடத்தில் அருவருப்பான பொருளைக் கொட்டுவதும் அதன்படி குற்றமே. அரசியலமைப்பின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையில் மாசற்ற நீரும் காற்றும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சுபாஷ் குமார் வழக்கில் (1991) கூறியது. மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 அறிவுசார் குறைபாட்டையும் கற்றல் குறைபாட்டையும் ஏற்கிறது. அதன்வழி சிறப்புக் கல்வி கோருவது குழந்தையின் உரிமை.

செய்து காட்டியவர்கள்

1969இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில், போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் யங் லார்ட்ஸ் அமைப்பு, நகராட்சி பயன்படுத்தாமல் வைத்திருந்த காரீயப் பரிசோதனைக் கருவிகளைப் போராடிப் பெற்று, மருத்துவ மாணவர்களோடு வீடுவீடாகச் சென்று குழந்தைகளைச் சோதித்தது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ஃப்ளின்ட் நகரில் 2014இல் குடிநீர் மூலம் மாற்றப்பட்ட பின், நீரில் கோளாறு என்று மக்கள் சொன்னதை அதிகாரிகள் மறுத்தனர். குழந்தைநல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015இல் குழந்தைகளின் இரத்த அளவுகளை வெளியிட்ட பின்னரே மறுப்பு உடைந்தது. இரண்டு இடங்களிலும் ஒதுக்கப்பட்ட மக்களின் புகாரை எண்களே அசைக்க முடியாததாக்கின.

நமக்கு மிக அருகிலான பாடம் வங்கதேசம். 2019இல் ஆய்வு வெளியானதும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆய்வாளர்களோடு சேர்ந்து எச்சரிக்கைகளை வெளியிட்டது. கையடக்க ஊடுகதிர்க் கருவியுடன் மொத்தச் சந்தைக்குச் சென்று சரக்கைச் சோதித்தது. தவறிய வணிகர்களுக்குத் தண்டம் விதித்து அதை ஊடகங்களில் பரப்பியது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் காணப்பட்ட காரீயம், 2021இல் பூச்சியமானது. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தக் காரீயமும் குறைந்தது. இரண்டே ஆண்டுகள், பெரும் பணம் செலவாகவில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, சமையலறையில். முழு மஞ்சளை ஒரு கண்ணாடிக் குவளை நீரில் இட்டால், கலப்பில்லாதது உடனே சாயம் விடாது. காரீயக் குரோமேட் பூசியது உடனே நிறத்தை விடும். தூளை நீரில் இட்டால் நல்ல தூள் வெளிர்மஞ்சளாகக் கலங்கி அடியில் தங்கும். அடர்ந்த மஞ்சள் நிறம் விட்டால் சந்தேகிக்கலாம். இது முதல்கட்டச் சோதனை மட்டுமே. உறுதிசெய்வது ஆய்வகத்தின் வேலை. மெருகேற்றாத முழு மஞ்சளை வாங்கிக் கழுவி, காயவைத்து அரைத்துக்கொள்வது கூடுதல் பாதுகாப்பு.

இரண்டாவது, கல்லூரிகளில். வேதியியல், சமூகப்பணி மாணவர்கள் தம் பகுதிக் கடைகளின் உதிரி மஞ்சளைத் திரட்டி, 40ஆம் பிரிவின்படி பரிசோதனைக்கு அனுப்பலாம். மாவட்டத்தில் கடந்த ஆண்டுகளில் எத்தனை மஞ்சள் மாதிரிகள் எடுக்கப்பட்டன, எத்தனை தவறின, எத்தனை வழக்குகள் முடிந்தன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ் கேட்கலாம். பதில் 30 நாளில் வர வேண்டும்.

மூன்றாவது, இயக்கங்கள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்:

— வளர்ச்சித் தாமதம் கண்டறியப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும், கருவுற்ற பெண்களுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவச இரத்தக் காரீயப் பரிசோதனை.

— தேசியக் குடும்ப நல ஆய்வில் இரத்தக் காரீயத்தை மீண்டும் சேர்த்து, சாதிவாரியாக வெளியிடுதல்.

— நாமகிரிப்பேட்டை, ஈரோடு போன்ற ஏலச் சந்தைகளிலும் மெருகேற்றும் ஆலைகளிலும் கையடக்கக் கருவியால் சோதனை. தேறிய சரக்குக்குச் சான்று. இது விவசாயிக்கும் நன்மை: சாயமற்ற மஞ்சள் சாயம் பூசியதோடு போட்டியிட்டுத் தோற்க வேண்டியதில்லை.

— தொழிற்சாலை வண்ணங்களுக்கும் 90 என்ற வரம்பை விரித்து, காரீயக் குரோமேட் விற்பனையைக் கட்டுப்படுத்துதல்.

— பேட்டரி, பழைய உலோகத் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை, மாற்றுடை, குளியலிட வசதி, ஆண்டுப் பரிசோதனை, இழப்பீடு.

— அங்கன்வாடி, சத்துணவுத் திட்டங்களில் இரும்புச்சத்தும் கால்சியமும் நிறைந்த உணவை உறுதிசெய்தல்; அவற்றின் மசாலாப் பொருள்களைக் கட்டாயமாகச் சோதித்தல்.

உலகின் மஞ்சளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்தியாவில் விளைகிறது. ஏற்றுமதிச் சரக்கு துறைமுகத்தில் சோதிக்கப்படுகிறது. வாங்கும் நாடு காரீயத்தை அளந்து, கூடினால் திருப்பி அனுப்புகிறது. அந்தச் சோதனை, மஞ்சளைத் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டு சேர்த்த பெண்ணின் வீட்டுப் பொட்டலத்துக்கும் கிடைக்க வேண்டும். வெளிநாட்டுக் குழந்தைக்கு எது நஞ்சோ, நாமகிரிப்பேட்டைச் சேரிக் குழந்தைக்கும் அதுவே நஞ்சு.